57 காசு!



ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்களிலே தில்லியில் வரவு-செலவுத் திட்டம் படிக்கப்படுகிறது. இத்தனை இலட்சம் கோடி என்கிறார்கள், மேசைகள் தட்டப்படுகின்றன, தொகையின் பருமனைக் கேட்டு நாமும் மலைத்து நின்றுவிடுகிறோம். தொகை எத்துணை என்பதல்ல திட்டத்தை எடைபோடும் அளவுகோல்! எவரிடம் பெற்றார்கள், என்ன பெயரிட்டுப் பெற்றார்கள், பெற்றதை எவருடன் பகிர்ந்தார்கள்? இம்மூன்றையும் கேட்டாக வேண்டும். நடுவிலே நிற்கிறதே 'பெயர்', அதிலேதான் இருக்கிறது சூட்சுமம்.

மைய அரசு திரட்டும் வரியில் மாநிலங்களுக்கு உரிய பங்கைக் கூற, அரசியல் சட்டத்தின் 280ஆம் பிரிவு நிதிக்குழுவை அமைக்கச் சொல்கிறது. 2021-26 ஆண்டுகளுக்கு 15ஆவது நிதிக்குழு வகுத்த பங்கு 41 விழுக்காடு. "நூற்றுக்கு 41! இதற்கு மேலும் குறையா?" என்று கேட்கிறார்கள். எதிலே 41 என்று திருப்பிக் கேளுங்கள்! 2000ஆம் ஆண்டின் 80ஆவது திருத்தம் மைய வரிகளைப் பொதுவாகப் பகிர்வுக்குள் கொணர்ந்தது. ஆனால் செஸ் எனும் மேல்வரியையும் கூடுதல் வரியையும் வெளியே நிறுத்திற்று. கதவை அகலத் திறந்துவிட்டு, களஞ்சியத்தின் ஒரு பகுதியைப் பூட்டி வைத்த கதை அது!

பெட்ரோலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரியில் லிட்டருக்கு மைய அரசின் தீர்வை 32 ரூபாய் 90 காசு. அதிலே பகிர்வுக்குரிய அடிப்படைத் தீர்வை 1 ரூபாய் 40 காசு மட்டுமே! மிச்சம் 31 ரூபாய் 50 காசும் மேல்வரி, சிறப்புக் கூடுதல் தீர்வை. 1 ரூபாய் 40 காசில் 41 விழுக்காடு எவ்வளவு? 57 காசு! அதுவும் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து! அதிலே 2021-26 ஆண்டுகளுக்குத் தமிழகத்தின் விகிதம் 4.079, அதாவது லிட்டருக்கு இரண்டரைக் காசுகூட இல்லை.

அதே 2021இல், ஆகஸ்டுத் திங்களில், தமிழக அரசு தன் வரியில் லிட்டருக்கு 3 ரூபாயைக் குறைத்தது. ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் இழப்பு என்று தெரிந்தே குறைத்தது. காசு பெற்றவர் ரூபாய் கொடுத்தார்!

"மேல்வரி குறிப்பிட்ட பணிக்காக வாங்கப்படுவது, அதைப் பகிரலாமா?" என்பது எதிர்வாதம். நியாயந்தான், அந்தப் பணிக்கே முழுதும் போய்ச் சேருமானால்! 2018-19இல் மேல்வரி முதலான 35 இனங்களில் வந்தது 2,74,592 கோடி. அவற்றுக்குரிய நிதிகளுக்கு மாற்றப்பட்டது 1,64,322 கோடி. மிச்சம் பொதுக் கருவூலத்திலேயே தங்கிற்று. இதைச் சொன்னது எதிர்க்கட்சி மேடையல்ல, மைய அரசின் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர்! பணியின் பெயரால் பெற்று, பணிக்கும் முழுதாகத் தராமல், பங்காளிக்கும் பகிராமல் வைத்துக்கொள்வது எந்த நெறியில் சேர்ந்தது?

மேல்வரிக்கு உச்சவரம்பு வேண்டும். வரம்பு மீறினால் மீறியது பகிர்வுக்கு வரவேண்டும். இது பிச்சைக் கோரிக்கையன்று. பாகப் பிரிவினைக் கணக்கு.

ஒன்றை மறவாதீர்! தில்லியைக் கேட்கும் அந்த மூன்று கேள்விகளையும் கோட்டையிலே படிக்கப்படும் திட்டத்தையும் நோக்கி நாமே முதலில் கேட்போம். தன் கணக்கைத் திறந்து வைத்தவனுக்கே பிறர் கணக்கைக் கேட்கும் உரிமை! கிளைக் கூட்டத்திலே, தேநீர்க் கடையிலே பேசும்போது, இலட்சம் கோடிகளை விட்டுவிடுங்கள். 57 காசைச் சொல்லுங்கள், நாடு புரிந்துகொள்ளும்.