பேரை வாவியின் பச்சை நஞ்சு

பேரை வாவியைக் கடக்கையில் மூக்கைப் பொத்துவோர் பலர். அந்தப் பச்சை யாதெனக் கேட்போர் சிலர். மைக்கிரோசிஸ்ரிஸ் என்னும் நீலப்பச்சை அல்கா அது. கழிவுநீர் கொணரும் பொசுபரசையும் நைதரசனையும் உண்டு, வெயிலிலே பெருகிப் படலமாய்ப் பரவுகிறது. அது உண்டாக்கும் மைக்கிரோசிஸ்ரின் ஈரலைத் தாக்கும் நஞ்சு. வாவிக்கரையிலே தாமரைக் கோபுரத்துக்குப் பத்துக் கோடி டொலருக்கு மேல் கொட்டினார்கள். நீரிலுள்ள நஞ்சின் அளவைக் கரையிலே நிற்பவனுக்கு அறிவிக்கும் பலகையொன்றுக்கு எவ்வளவு செலவாகும் எனக் கேட்கிறோம்.

கொட்டாஞ்சேனையும் வெள்ளவத்தையும் குடிப்பது வாவி நீரன்று. களனி கங்கையிலும் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்களிலும் எடுத்து வடித்த நீர். ஆகவே நமக்கென்ன என்பாருளர். இவ்வாதத்தை நாம் ஏற்கோம். அமெரிக்காவின் தொலீடோ நகரமும் வடித்த நீரையே குடித்தது. 2014 ஆகத்தில் ஏரி நஞ்சு குழாயிற் புகுந்ததும், ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் குழாய்நீரைக் குடிக்கக்கூடாதென ஆணை பிறந்தது. கொதிக்க வைத்தாலும் இந்நஞ்சு அழியாது! பிரேசிலின் கருவாரு நகரில், 1996இல், குருதி சுத்திகரிப்புக்கு வந்த சிறுநீரக நோயாளர் ஐம்பதின்மருக்கு மேல் இந்நஞ்சு கலந்த நீரால் மாண்டனர். அதன் பின்னரே, 1998இல், உலக சுகாதார நிறுவனம் குடிநீர் இலீற்றருக்கு ஒரு மைக்கிரோகிராம் என எல்லை வகுத்தது.

வெள்ளவத்தையில் வீடும் ஊரிலே வயலும் உடையோர் நம் வாசகருட் பலர். வன்னிக் குளங்களை அவர்கள் எண்ணிப் பார்க்கட்டும். வடமத்திய மாகாணத்திலும் வவுனியாவிலும் உழவரைக் கொல்லும் சிறுநீரக நோய்க்குக் காரணம் இன்னும் நிலைநாட்டப்படவில்லை. ஆய்வாளர் ஐயுறுவனவற்றுள் குளத்து அல்கா நஞ்சும் ஒன்று. ஐயத்தைத் தீர்க்க ஆய்வு வேண்டும். அதைவிடுத்து, பசளையிட்ட உழவனே குற்றவாளி எனப் பழிசுமத்துவது எளிது. 2021இல் இரசாயனப் பசளையை ஒரே ஆணையால் தடுத்து, விளைச்சலை வீழ்த்தி, அவ்வாண்டு நவம்பரிலேயே தடையை விலக்கிய கதையை உழவன் மறந்தானல்லன். பேரை வாவியிலே எந்த உழவன் பசளையிட்டான்?

குளந்தோறும் போத்தலில் நீர் அள்ளி, இரவு பகலாய் நுணுக்குக்காட்டியில் எண்ணும் பட்டப்பின்படிப்பு மாணவரின் உழைப்பு, ஆங்கில ஏடாகி நூலகத்திலே உறங்குகிறது. அந்நீரைக் குடிப்பவனுக்கு அதிலே ஒரு வரியும் எட்டுவதில்லை. குடிக்கவும் குளிக்கவும் பயன்படும் ஒவ்வொரு குளத்தையும், அல்கா படரும் காலத்தில், நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை நஞ்சுக்காகச் சோதித்தல் வேண்டும். முடிவு அந்த வாரத்திலேயே தமிழிலும் சிங்களத்திலும் சங்கக்கடையிலும் மருந்துச்சாலையிலும் ஒட்டப்படல் வேண்டும்.