கணக்கறிவும் பெரியார் துணையும்

வல்லத்திராக்கோட்டையினின்று வந்து நம் கல்லூரியில் வணிகவியல் பயிலும் மாணவர் ஒருவர், சில திங்களுக்கு முன் நம்மை அணுகி, நிதித் துறையில் தலைமை உத்தியோகம் வகிக்க விரும்புவோன் எந்நூல்களைக் கற்றல் வேண்டும் என வினவினார். அவர் கையிலிருந்த தாளில் இருபது நூல்களின் பெயர்கள் காணப்பட்டன. முதலீடு, வரி, தணிக்கை, தன்னம்பிக்கை ஆகிய யாவும் அதில் இடம்பெற்றிருந்தன. அந்நூல்களை நாம் குறைகூறினோமில்லை. ஆயின், மனிதர் பெயர் ஒன்றேனும் அத்தாளில் இல்லாமை நம் கருத்தை ஈர்த்தது. நிதியாளன் நூலால் திறமை பெறுகின்றான். தன்னைக் கணக்குக் கேட்கவல்ல மனிதராலேயே நேர்மையில் நிலைபெறுகின்றான் என்பது நமது துணிபு. அதனை ஈண்டுச் சிறிது விளக்குவாம்.

அம்மாணவரின் ஊர் முன்னாளில் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தைச் சார்ந்தது. அங்கு 1878 முதல் 1894 வரை நிர்வாகத் தலைமை வகித்தவர் ஸர் அ. சேஷையா சாஸ்திரியார். அவர் வந்த காலத்தில் அமானி முறை வழங்கிற்று. விளைச்சலில் ஒரு பங்கு அரசுக்குரியதாதலின், உத்தியோகஸ்தர் வந்து பார்க்குமுன் உழவன் தன் கதிரை அறுத்தலும் இயலாது. களத்தில் குவிந்த நெல்லுக்கு முத்திரையிட்டுக் காவல் வைப்பர். காவல் பெருகினும் களவு குறைந்ததில்லை. சாஸ்திரியார் அம்முறையை ஒழித்து, பணமாகச் செலுத்தும் தீர்வையை ஏற்படுத்தினார். ஏட்டை மட்டும் நோக்குவார்க்கு இவ்வழி தோன்றாது; களத்துமேட்டில் நடப்பதை அறிந்தார்க்கே தோன்றும். சென்னையில் பவல் துரையிடம் கல்வி கற்று, சிறு உத்தியோகத்தினின்று படிப்படியாய் உயர்ந்தவர் அவர். அவர்தம் வரலாற்றைக் காமேசுவர ஐயர் ஆங்கிலத்தில் எழுதி 1902-இல் வெளியிட்டார். நிதி பயில்வோர் இத்தகைய வாழ்க்கை வரலாறுகளைத் தம் பட்டியலில் முதற்கண் சேர்த்தல் நன்று.

தொழில்நூல்கள் வேண்டா என்று நாம் கூறவில்லை. 1494-இல் வெனிஸ் நகரில் லூக்கா பாச்சோலி என்னும் துறவி வெளியிட்ட கணித நூலில் விளக்கப்பட்ட இரட்டைப் பதிவு முறையே, இன்று கணினியில் எழுதும் கணக்கிற்கும் அடித்தளமாய் நிற்கின்றது. அதனை ஐயமறக் கற்றல் கடன். அதனோடு தமிழில் வேறு மூன்று நூல்களையும் பயிலுமாறு வேண்டுகின்றோம். முதலாவது, திருக்குறட் பொருட்பால். அதிலும், குறை காட்டும் சான்றோரைத் தலைவன் நாடவேண்டுவதன் இன்றியமையாமையைக் கூறும் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ என்னும் அதிகாரம். இரண்டாவது, புதுச்சேரியில் 1736 முதல் 1761 வரை எழுதப்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. சரக்கும் கப்பலும் கடனும் மட்டுமன்றி, அதிகாரத்தின்முன் மனிதர் நா எங்ஙனம் வளைகின்றது என்பதும் அதில் விளங்கும். மூன்றாவது, காந்தியடிகளின் ‘சத்திய சோதனை’. இலண்டனில் மாணவராயிருந்தபோது சிறு காசின் செலவையும் குறித்து வைத்த பழக்கமே, பின்னர்ப் பொதுப்பணத்தை ஆளுங்கால் அவர்க்குக் கைகொடுத்தது.

இனி மனிதர் துணையை நோக்குவாம். நம் நாட்டின் முதற் பெண் கணக்காயராகிய ஆர். சிவபோகம் அம்மையார், 1931-இல் நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவர். வெளிவந்தபின் சென்னைத் தணிக்கையாளர் ஸி. எஸ். சாஸ்திரியாரிடம் தொழில் பயின்று, 1933-இல் தேர்ச்சி பெற்றார். சிறை சென்றோர் பதிவு பெறலாகாது என்னும் விதி குறுக்கிட்டது. அம்மையார் அஞ்சாது நீதிமன்றம் சென்று வென்று, 1937-இல் தொழில் தொடங்கினார். அம்மையாரின் துணிவு அவர்க்கே உரியது. எனினும், சிறை சென்ற ஒரு பெண்ணை மாணாக்கராய் ஏற்ற ஆசிரியர் ஒருவர் அன்று இல்லையாயின், அத்துணிவு எத்துறையில் பயன்பட்டிருக்கும்?

சட்டமும் தணிக்கையும் இருக்க, தனி மனிதர் துணை எதற்கு எனச் சிலர் வினவலாம். 2009 ஜனவரி 7-ஆம் நாள், ஐதராபாத்தின் சத்யம் கம்பெனித் தலைவர், இல்லாத பணம் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் தம் கணக்கில் காட்டப்பட்டிருந்ததாகக் கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார். அங்குப் பட்டம் பெற்றோர்க்குக் குறைவில்லை, சட்டமும் இருந்தது, தணிக்கையும் ஆண்டுதோறும் நடந்தது. தொடக்கத்திலேயே ‘இஃது ஏன்?’ என்று கேட்டு, விடை பெறாமல் அகலாத ஒருவரே அங்கு வேண்டப்பட்டவர்.

அத்தகையோர் சிற்றூர் மாணவர்க்கு எங்குக் கிடைப்பர் என்று நம் மாணவரும் கேட்டார். அவர் அன்னையார் ஊரில் மகளிர் சுயஉதவிக் குழுவொன்றில் உறுப்பினர் என அறிந்தோம். கூட்டந்தோறும் அங்கு என்ன நடக்கும் என்றோம். சேமிப்பும் கடனும் எல்லார் முன்னும் உரக்கப் படிக்கப்படும். ஐயமுடையார் அங்கேயே கேட்பர் என்றார். தாம் தேடிய பள்ளி தம் வீட்டு வாயிலிலேயே இருத்தலை அப்போதுதான் அவர் உணர்ந்தார்.

எனவே, பட்டம் பெற்றுச் செல்லும் மாணவர்களுக்கு நாம் கூறுவது இது. உங்கள் நூற்பட்டியலின் அடியில் இருவர் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் உங்கள் தொழிலறிந்த மூத்தவர். மற்றவர் உங்கள் பதவிக்கு அஞ்சாதவர். பொய்க் கணக்கில் கையொப்பமிடுமாறு மேலதிகாரி பணிக்கும் நாள் ஒன்று வரக்கூடும். குடும்பச் செலவும் வீட்டுக் கடனும் அன்று கண்முன் நிற்கும். அவ்விரவில் நீங்கள் சென்று கதவைத் தட்டத்தக்க வீடு ஒன்று வேண்டும். அதனை இன்றே தேடிக்கொள்ளுங்கள். நம் ஆண்டவர் கூறிய உவமையில், உக்கிராணக்காரன் தலைவன் கணக்குக் கேட்ட பின்னரே நண்பரைத் தேடத் தொடங்கினான். நாம் அதற்கு முன்னரே தேடுவோமாக.