விமான நிலையம் போகிற வழியில்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடிப் பக்கத்துக்காரர்களுக்கு வெளிநாடு என்றால் முதலில் திருச்சி விமான நிலையம். கார் புதுக்கோட்டைச் சாலையில் ஏறியதும் பாஸ்போர்ட் பையில் இருக்கிறதா, ஊறுகாய் பாட்டில் கசியாமல் இருக்கிறதா என்பதிலேயே மனம் கிடக்கும். வழியில் வருகிற மத்திய சிறையை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அப்படிப் போகிறவர்களில் சிலர் தாய்லாந்தின் வடக்கே சியாங் மாய் வரை போய் வருகிறார்கள். அங்கே பழைய நகரத்தில், மூன்று மன்னர் சிலைக்கு அருகே, பெண்கள் சிறையின் தொழிற்பயிற்சி மையம் இருக்கிறது. மசாஜுக்கு வருகிறவர்களுக்குத் தொளதொளப்பான பருத்தி உடையைக் கொடுத்துத் தரை மெத்தையில் படுக்க வைக்கிறார்கள். எண்ணெய் கிடையாது. கட்டைவிரலால் உள்ளங்காலில் தொடங்கி நரம்பு நரம்பாக அழுத்திக்கொண்டே மேலே வந்து, முழங்கையை ஊன்றி, கடைசியில் உட்கார வைத்து முதுகை வளைத்து நெட்டி எடுக்கிறார்கள். நாற்று நட்டு இடுப்புப் பிடித்துக்கொண்ட நம்மூர் ஆயா, "ஏறிக் கொஞ்சம் மிதிச்சு விடுடி" என்று பேத்தியைக் கூப்பிடுவாரே, ஏறக்குறைய அந்த வைத்தியம்தான். தாய்லாந்து மசாஜ்காரர்கள் ஆதி ஆசானாக வணங்குவதும் புத்தருக்கு வைத்தியம் பார்த்த மகத நாட்டு ஜீவகரைத்தான். 2019-இல் யுனெஸ்கோ இந்தக் கலையை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது.

பிடித்து விடுகிறவர், தண்டனை முடியும் தறுவாயில் இருக்கிற பெண் கைதி.

தாய்லாந்துச் சிறைகளில் இருக்கும் பெண்களில் மிகப் பெரும்பாலோர் போதைப்பொருள் வழக்கில் மாட்டியவர்கள். அவர்களில் சிலர் உள்ளே மசாஜ் தொழிலை முறையாகக் கற்றுக்கொண்டார்கள். ஆனால் வெளியே வந்தபோது மசாஜ் கடைகள் சேர்த்துக்கொள்ளத் தயங்கின. சியாங் மாய் பெண்கள் சிறையின் இயக்குநராக இருந்த நாவரத் தனஸ்ரீசுதாரத் என்ற அம்மையார் இதைப் பார்த்துவிட்டு, விடுதலையானவர்களுக்கு வேலை கொடுக்கவே லீலா என்ற பெயரில் மசாஜ் நிலையம் தொடங்கினார். இன்று சியாங் மாயில் அதற்குப் பல கிளைகள். ஓர் அதிகாரி தன் கடமை சிறை வாசலோடு முடிந்துவிட்டதாக நினைக்கவில்லை என்பதுதான் இதில் பெரிய விஷயம். பயிற்சிச் சான்றிதழை எந்த அரசும் அச்சடித்துக் கொடுத்துவிடும். "நாளைக்கு வேலைக்கு வா" என்று சொல்ல ஒரு மனிதர் வேண்டும்.

நம் மாநிலத்திலும் சிறைவாசிகளுக்கு வேலை கொடுக்கும் முயற்சி இல்லாமல் இல்லை. புதுக்கோட்டைச் சாலையில் திருச்சி சிறையின் பெட்ரோல் பங்க் இருக்கிறது. இந்தியன் ஆயிலோடு சேர்ந்து சிறைத்துறை நடத்தும் பங்க்குகளில் அது ஒன்று. நன்னடத்தை உள்ள சிறைவாசிகள் வண்டிகளுக்கு எண்ணெய் போடுகிறார்கள். 2023 ஆகஸ்டில் புழலில் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க்கும் திறக்கப்பட்டது. கேரளத்தில் பூஜப்புரை சிறைச் சப்பாத்தியை வரிசையில் நின்று வாங்குகிறார்கள். சிறைவாசியின் உழைப்புக்கு நியாயமான கூலி வேண்டும், அதில் ஒரு பங்கு குற்றத்தால் பாதிக்கப்பட்ட குடும்பத்துக்குப் போக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998-இலேயே சொல்லிவிட்டது. சிறைவாசியின் சம்பளம் என்றாலே முகம் சுளிக்கிறவர்கள் இந்த இரண்டாம் பாதியையும் நினைவில் வைக்க வேண்டும்.

பங்க்கில் "ஜீரோ பாத்துக்குங்க சார்" என்று சொல்லிவிட்டுக் குழாயைப் பிடிக்கிறவரிடம் நாம் ஐந்நூறு ரூபாய் நோட்டைக் கொடுத்து மீதிச் சில்லறை வாங்குகிறோம். அந்த ஒரு நிமிடத்தில் பயம் எதுவும் வருவதில்லை. அவரே தண்டனை முடிந்து ஊருக்குத் திரும்பி ரைஸ் மில்லிலோ லாரி ஷெட்டிலோ வேலை கேட்டால் மட்டும் "உள்ளே போயிட்டு வந்தவனா?" என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கிறது. அறுவடைக்கு ஆள் இல்லை, மூட்டை தூக்க ஆள் இல்லை என்று டெல்டா முழுக்கப் புலம்பல் கேட்கிற காலத்தில் இது நடக்கிறது.

சியாங் மாயில் ஒரு மணி நேரம் தன் முதுகையே நம்பி ஒப்படைத்துவிட்டு வந்தவர்கள், வந்து இறங்கியதும் அதே புதுக்கோட்டைச் சாலை வழியாகத்தான் வீடு திரும்ப வேண்டும். வண்டிக்கு டீசல் அந்தப் பங்க்கில் போடுங்கள். மில்லோ மெஸ்ஸோ நடத்துகிறவராக இருந்தால், தண்டனை முடிந்து வந்து உங்களிடம் வேலை கேட்கிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பாமல், உட்கார வைத்து ஐந்து நிமிடம் பேசுங்கள்.