டீச்சரை 'ஓய்வுபெற்ற ஆசிரியை' என்று மட்டும் எழுதிவிடலாமா?

இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

போன வாரம் நாங்கள் நல்லடக்கம் செய்துவிட்டு வந்த டீச்சரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து, புத்தளத்து மையவாடியில் அடங்கியவர். நம்மவர்களுக்கு டீச்சர் என்றாலே போதும், வேறு பெயர் தேவையில்லை.

ஜனாஸா அறிவித்தல் எல்லா வட்ஸ்அப் குழுமங்களிலும் வந்தது. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாயார், இன்னாரின் மாமியார், ஓய்வுபெற்ற ஆசிரியை. அதில் பிழை ஒன்றும் இல்லை. ஆனால் 34 வருட உழைப்பு இரண்டு சொல்லுக்குள் முடிந்துபோனது, அவரிடம் படித்து இன்று படிப்பித்துக்கொண்டிருக்கும் எங்களுக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறச் சொன்னார்கள். வீடு, கடை, நகை போன கதையை ஒவ்வொரு வருடமும் ஒக்டோபரில் பேசுகிறோம். பிள்ளைகளின் பாடசாலைப் பதிவுகளும் அங்கேயே நின்றுவிட்டதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. தேர்ச்சி அறிக்கை இல்லை, சேர்விலக்கம் இல்லை, சில பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ்கூட இல்லை. எந்த வகுப்பில் சேர்ப்பது?

டீச்சர் கிடுகுக் கொட்டிலுக்குள் இருந்து ஒரு சீஆர் கொப்பியில் ஞாபகத்திலிருந்தே எழுதத் தொடங்கினார். பிள்ளையின் பெயர், வாப்பாவின் பெயர், எந்த ஒழுங்கை, எத்தனையாம் ஆண்டு, எந்தப் பாடத்தில் பலவீனம். பிறகு முகாம் முகாமாக நடந்து, விடுபட்டவர்களையும் சேர்த்தார். ஊர்ப் பிள்ளைகளின் வகுப்பு முடிந்த பிறகு பின்னேரங்களில் நம் பிள்ளைகளுக்கு வகுப்பு நடந்தபோது அந்தக் கொப்பிதான் இடாப்பு. "இந்தப் பிள்ளை ஏழாம் ஆண்டு" என்று டீச்சர் சொன்னால் அதற்கு மேல் யாரும் கேட்கமாட்டார்கள்.

வீட்டில் அதே டீச்சர்தான் குடும்பத்தின் தூண். கணவரின் தையல்கடை யாழ்ப்பாணத்தோடு போய்விட்டது. அவருடைய ஒரு சம்பளத்தில் நாலு பிள்ளைகள், மௌத்தான நானாவின் இரண்டு பிள்ளைகள், வயதான மாமி. பிறகு உயர்தரம் படிக்கத் தூரத்து முகாம்களிலிருந்து வந்த பெண் பிள்ளைகளும் அங்கேதான் தங்கினார்கள். இன்றைக்கு எத்தனை சுண்டு அரிசி என்று மகள் கேட்டால், "இரு, இடாப்புக் கூப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன்" என்பார். (கையெழுத்து சரியில்லை என்றால் கொப்பி திரும்பி வரும். அந்தப் பயம் எங்களில் சிலருக்கு இன்னும் போகவில்லை.)

ஒருவர் அவரைத் 'தியாகச் சுடர்' என்று போஸ்ட் போட்டிருந்தார். நல்ல எண்ணம்தான், ஆனால் எங்களுக்கு அந்தச் சொல்லில் உடன்பாடில்லை. டீச்சர் எல்லாவற்றையும் வாய் மூடிப் பொறுத்தவர் அல்ல. சம்பளம் நின்றபோது அலுவலகப் படியேறிச் சண்டை பிடித்தவர். சாதாரண தரத்தோடு நிறுத்தி மகளைக் கட்டிக்கொடுக்க நின்ற வாப்பாமாரிடம் நேரே போய் வாதாடியவர். அந்த மகள்மாரில் இரண்டு பேர் இதை எழுதிக்கொண்டிருக்கும் எங்களோடு இருக்கிறார்கள்.

கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது, பெருமை பேசி எழுதுவானேன் என்று சில பெரியவர்கள் கேட்கிறார்கள். டீச்சருக்கு நம் எழுத்து தேவையில்லை என்பது உண்மைதான். தேவை நம் பிள்ளைகளுக்கு. கொழும்பு முஸ்லிம் மகளிர் கல்லூரியின் அதிபராக இருந்த ஆயிஷா ரவூபைப் பற்றி வாசிக்க ஏதோ இருக்கிறது. கிடுகுக்குக் கீழே இருந்து படிப்பித்த நம் பெண்களைப் பற்றி என்ன இருக்கிறது? அந்தத் தலைமுறை ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறது. இன்னும் நம்மோடு இருப்பவர்களிடம் போய், போனை முன்னால் வைத்து ஒரு மணித்தியாலம் பேசவிடுங்கள். மௌத்துக்குப் பிறகு போடும் போஸ்டைவிட அது எவ்வளவோ மேல். பழைய மாணவியர் சங்கங்கள் நினைத்தால் ஒரு நூலே போடலாம்.

டீச்சரின் அந்தக் கொப்பி இப்போது மூத்த மகளிடம் இருக்கிறது. கறையான் அரித்தது போக மிச்சப் பக்கங்களைப் படம் எடுத்துத் தரச் சம்மதித்திருக்கிறார். பெயர்களைப் பொதுவில் போடப் போவதில்லை. 90இல் முகாமில் இருந்தவர்கள், உங்கள் பெயரோ உங்கள் உம்மா வாப்பாவின் பெயரோ இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் இன்பொக்ஸில் வாருங்கள்.