லாபம் கம்பெனிக்கு; மார்வலி யாருக்கு?

தடுப்பூசியே விஷம் என்று ஒரு கூட்டம் கூச்சல் போடுகிறது. ஊசியால் ஒருவருக்கும் ஒரு கெடுதலும் நேரவில்லை என்று இன்னொரு கூட்டம் சாதிக்கிறது. இரண்டும் பொய்! இந்தக் கூச்சலில் தப்பித்துக்கொள்பவன் யார் என்பதைத்தான் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

2021-ல் அமெரிக்காவிலும் இஸ்ரேலிலும், ஃபைசர், மாடர்னா கம்பெனிகளின் கொரோனா ஊசி போட்டுக்கொண்ட இளைஞர் சிலருக்கு இதயத் தசை வீங்கிற்று. ஊசி போட்ட சில நாட்களில் மார்வலி, மூச்சுத் திணறல், படபடப்பு. 12 முதல் 29 வயதுவரையுள்ள ஆண்களில், பத்து லட்சம் இரண்டாவது ஊசிக்குச் சுமார் 40 பேர் என்று அமெரிக்க சர்க்காரின் நோய்த் தடுப்பு மையம் 2021 ஜூனில் கணக்குச் சொன்னது. பெரும்பாலோர் குணமடைந்தார்கள். கொரோனா நோயும் இதயத்தைத் தாக்கும். ஊசி லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. இதை மறைப்பவன் உழைப்பாளிக்கு நண்பனல்ல.

ஆனால் அந்த 40 பேர்? ஊருக்காகக் கை நீட்டியவர்கள் அல்லவா அவர்கள்! 2021 ஆகஸ்டில் டைசன் என்ற இறைச்சிக் கம்பெனி, ஊசி போடாதவனுக்கு வேலை இல்லை என்று தன் அமெரிக்கத் தொழிலாளர் சுமார் 1,20,000 பேருக்கு உத்தரவு போட்டது. சரி, போட்டுக்கொண்டு படுத்தவனுக்குச் சோறு போடுவது யார்?

கம்பெனி மீது வழக்குப் போட முடியாது. வேண்டுமென்றே தீங்கு செய்ததாக நிரூபித்தாலொழிய, 2005-ம் ஆண்டுச் சட்டம் அதற்குக் கவசம். சர்க்காரிடம்தான் மனுப் போட வேண்டும், அதுவும் ஓராண்டுக்குள். வக்கீல் கூலி கிடையாது. பட்ட வேதனைக்குக் காசு கிடையாது. குழந்தைகளுக்குப் போடும் ஊசிகளுக்கோ 1986-ம் ஆண்டுச் சட்டப்படி இவை இரண்டும் உண்டு! ஆயிரக்கணக்கில் மனுக்கள் குவிந்தும், 2023 ஏப்ரலில்தான் முதன்முதலாக மூன்று பேருக்குப் பணம் வந்தது. அவர்களில் இருவர் இதயத் தசை வீங்கியவர்கள். இருவருக்கும் சேர்த்து 2,615 டாலர். இரண்டு லட்ச ரூபாய்ச் சொச்சம்!

கம்பெனிக் கணக்கையும் பாருங்கள். மாடர்னாவுக்கு அமெரிக்க மக்களின் வரிப்பணம் சுமார் 250 கோடி டாலர் போயிற்று. 2021-ல் அது அள்ளிய நிகர லாபம் 1,200 கோடி டாலருக்கு மேல். ஃபைசரின் 2022-ம் ஆண்டு வருமானம் 10,000 கோடி டாலரைத் தாண்டிற்று. நஷ்டத்தைப் பொதுவில் தள்ளுவான் முதலாளி என்பார்கள். இங்கே பொதுவில்கூடத் தள்ளவில்லை. அடிபட்டவன் தலையிலேயே கட்டிவிட்டான்.

நம் நாட்டில் பெருவாரியாகப் போட்டவை வேறு வகை ஊசிகள். சர்க்காரின் பதில் மட்டும் அதே ரகம். ஊசிக்குப்பின் மகள்களை இழந்த பெற்றோர் தொடுத்த வழக்கில், 2022 நவம்பரில் மத்திய சர்க்கார் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது இதுதான்: நாங்கள் பொறுப்பல்ல, இழப்பீடு வேண்டுமானால் சிவில் கோர்ட்டுக்குப் போகலாம். போகலாம்தான்; வாய்தாவுக்கு வாய்தா பறிபோகும் நாட்கூலியை யார் தருவார்கள் என்று அந்தப் பிரமாணப் பத்திரத்தில் எழுதவில்லை.