வெயில் தின்ற பின்விளக்கு



சென்ற மாதம் ஒரு மாலை, இளைஞர் ஒருவர் தம் தந்தையார் விட்டுச்சென்ற டி.வி.எஸ். 50 வண்டியைக் கோயில் வளாகத்திற்கு உருட்டிக்கொண்டு வந்தார். 1911-இல் மதுரையில் தொடங்கிய டி.வி.எஸ். குழுமம் 1980-இல் ஓசூரில் உருவாக்கிய வண்டி அது. இருவர் அமர்ந்து செல்லத்தக்க மொபெட்டுகளுள் இந்தியாவில் முதலாவது. இயந்திரத்தைச் செப்பனிட்டு, இரும்புப் பகுதிகளுக்கு வண்ணமும் பூசியிருந்தார். பின்விளக்கின் சிவப்பு மூடி மட்டும் சாம்பல் பூத்தாற்போல் மங்கிக் கிடந்தது.

“சாமி, தின்னர் தொட்டுத் துடைக்கட்டுமா?” என்றார்.

“கூடவே கூடாது” என்று சற்று உரக்கவே சொல்லிவிட்டேன். பல ஆண்டுகளுக்கு முன் என் ஸ்கூட்டரின் மூடியை நானே அப்படித் துடைத்தேன். சில நிமிடங்களில் சிலந்தி வலைபோல் வெடிப்புகள் ஓடின. பிறகு அது குப்பைக்குத்தான் போயிற்று.

இம்மூடிகள் பெரும்பாலும் அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக்கால் ஆனவை. எளிய பொருளென்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போரில் போர் விமானங்களின் மேற்கூண்டு இதனால் அமைந்தது. அதன் சில்லுகள் விமானிகளின் கண்ணில் தங்கியும் பெருந்தீங்கு செய்யாததைக் கவனித்த ஆங்கில மருத்துவர் ஹெரால்டு ரிட்லி, 1949-இல் அதனாலேயே கண்வில்லை செய்து பொருத்தினார். 1992-இல் நம் மதுரையில் தோன்றிய ஆரோலேப் நிறுவனம் அத்தகைய வில்லைகளை எளியோர்க்கும் எட்டும் விலையில் செய்தளித்தது. நம் பங்குகளில் எத்தனையோ பாட்டிமார் அவற்றின் வழியே பேரப்பிள்ளைகளின் முகம் காண்கின்றனர்!

ஆயினும் தெருவில் நிற்கும் மூடிக்கு வெயில் பகை. புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பைச் சிதைக்கின்றன, புழுதி கீறுகிறது. அந்நுண்கீறல்களில் ஒளி சிதறுவதையே நாம் மங்கல் என்கிறோம்.

ஆகவே, முதலில் சோப்பு நீரால் மண்துகள் போகக் கழுவ வேண்டும். பின் நிழலில் வைத்து, 1000 எண் வாட்டர் பேப்பரை நீரில் நனைத்து ஒரே திசையில் மெல்லத் தேய்க்க வேண்டும்; அடுத்து 1500-ஆல் குறுக்காக; பிறகு 2000. முந்தைய கீறல் மறையும்வரை அடுத்த தாளைத் தொடலாகாது. பொறுமையிழப்போர் தோற்பது இங்கேதான். இறுதியில் பாலிஷ் தொட்டுப் பருத்தித் துணியால் மெருகிட வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தினால் சூடேறி இளகும். உட்புற வரிகளைத் தேய்க்கவே கூடாது.

மாருதி 800 போன்ற கார்களின் வெளுத்த கறுப்பு பம்பருக்கு இம்முறை ஒவ்வாது. அது வேறு வகைப் பிளாஸ்டிக். தேய்த்தால் இன்னும் வெளுக்கும். தேங்காயெண்ணெய் பூசுவோரும் உண்டு. அந்தப் பளபளப்பு அடுத்த மழைவரைதான்.

இரண்டு மணி நேரத்தில் இளைஞரின் மூடி தெளிந்தது. ஆனால் ஒரு மூலையில் சிவப்பே வெளுத்திருந்தது. போன நிறத்தை எந்த மெருகும் மீட்டுத் தராது. திருமங்கலம் சாலையில் இரவில் பின்னால் வரும் லாரிக்காரருக்கு அது சிவப்பாகத் தெரிய வேண்டுமல்லவா? புதிய மூடி வாங்கிப் பொருத்தச் சொன்னேன்.

“அப்பா கையால் மாட்டியது, சாமி” என்றார். பழையதைத் துணியில் சுற்றி அவர் கையில் கொடுத்தேன். இன்னும் முடிவு சொல்லவில்லை. வண்டியை இரவில் எடுப்பதில்லை என்று மட்டும் அவர் தாயார் கூறினார்.