கடலம்மன் கோபமா, நம் கவலையீனமா?

கடல் எட்டாத கியா பார்ம் மலையிலிருக்கும் நமக்கென்ன என்பீர்களோ? நம் முன்னோரிற் பலர் கப்பலேறிய துறை நாகப்பட்டினம். இறங்கிய துறை பினாங்கு. 2004 டிசம்பர் 26-ல் ஒரே பேரலை இரண்டையும் அடித்தது.

சுமத்திராவுக்கருகே கடலடி நிலம் பிளந்த பின், அவ்வலை நாகப்பட்டினஞ்சேர இரண்டு மணி நேரத்திற்கும் மேலாயிற்று. பினாங்கு சேர அதனினும் அதிகம். ஓடித் தப்ப அவகாசமிருந்தது. ஓடுமின் என்று சொல்வாரில்லை. இதனை விதியென்றும், கடலம்மன் கோபமென்றும் இன்னும் பிதற்றுவோரை நாம் கேட்கிறோம்: ஜப்பானியர் 2011-ன் அழிவுக்குப்பின் பரிகாரமா செய்தனர்? கடலடியில் 150 நோக்குநிலையங்களைக் கம்பியாற் பிணைத்தனர். மேலுள்ள நீரின் பாரம் மாறியதும் செய்தி கரையேறுகிறது. இந்தியாவும் 2007-ல் ஐதராபாத்தில் எச்சரிக்கை நிலையம் நிறுவிற்று.

ஆனால் கருவி மட்டும் காக்குமா? இந்தோனேசியா கடலிலிட்ட எச்சரிக்கை மிதவைகள் பழுதாலும் களவாலும் கெட்டன. 2018-ல் பாலு நகர் அழிந்தபோது அவற்றுள் ஒன்றேனும் இயங்கவில்லை. அங்கு அலை சில நிமிஷங்களில் வந்தது. நிலம் நடுங்கியதும் மேடேறக் கற்பித்தலே அத்தகைய இடத்திற்குக் காப்பு.

தோழர்களே! ஆண்டுக்கொருநாள் கருவிக்குச் சந்தனம் பூசுதல் எளிது. நாள்தோறும் பழுது பார்ப்பதும், பாமரர்க்கு அதன் பயனைப் போதிப்பதுமே பகுத்தறிவு.